பாதி வேகத்தில் பாடியது

எனக்குக் கட்டைக்குரல். கதவைத் தட்டுபவரிடம் உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டால், வந்தவர் "சார், ரேடியோ ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன்" என்று ஆரம்பித்துவிடுவார். கதவைத் திறந்து நான் நின்றதும் அவருக்குப் பேச்சு குழறும். எனக்கு முகம் சூடாகிவிடும். தப்பு அவர் பேரில் இல்லை, என் தொண்டை பேரில் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

அப்பா தவில்காரர். எங்கள் வீட்டில் பேச்சைவிடக் கணக்கு ஜாஸ்தி. சோறு வைக்கும் நேரத்திலும் தொடையில் தாளம் ஓடும். ஒரு பாட்டை ஒன்றாம் காலத்தில் மெதுவாகப் பாடி, அப்படியே இரட்டித்து இரண்டாம் காலம் பாடி, மறுபடி இறக்குவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்பா எனக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண்பிள்ளைக்கு எதற்கு என்றுதான் இருந்தார். காதில் விழுந்ததை நானே எடுத்துக்கொண்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் என்னைப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை திருவண்ணாமலையில் மைக் செட் கடை வைத்திருக்கிறார், ரேடியோவும் ரிப்பேர் பார்ப்பார் என்றார்கள். வழக்கப்படி பாடச் சொன்னார்கள். அண்ணாமலையார் மேல் அப்பா எப்போதும் முணுமுணுக்கும் ஒரு பாட்டைப் பாடினேன். இரண்டு வரி போயிருக்காது, பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "என்னாங்க, தவில்காரரே பாட ஆரம்பிச்சிட்டாரா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் பாயைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். சம்பந்தம் கூடியபோது எனக்கே ஆச்சரியம். கல்யாணமாகி வந்த பிறகு, வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில், அம்மியில் அரைக்கும்போது மட்டும்தான் பாடுவேன். அம்மிச் சத்தம் குரலை மறைத்துக்கொள்ளும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் மெட்ராஸ் போய் ஒரு பழைய டேப்ரிக்கார்டரும், கூடவே ஒரு வெளிநாட்டு இசைத்தட்டும் வாங்கிவந்தார். தட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"இத எப்படிச் செஞ்சிருக்கான் தெரியுமா? கடைக்காரர் சொன்னாரு. தட்டுல கோடு வெட்டறப்போ தட்டையும் பாதி வேகத்துல சுத்தவிடறான், பாட்டையும் பாதி வேகத்துல ஓடவிடறான். வெட்டற ஊசி நிதானமா எல்லா நெளிவையும் எடுத்துடுது. அப்புறம் நாம முழு வேகத்துல போட்டா எல்லாம் பழையபடி ஆயிடும், ஆனா சுத்தமா இருக்கும்."

"கோலம் மாதிரிங்க. அவசரமா இழுத்தா இழை உடையும்" என்றேன்.

"அதேதான்" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் தட்டையும் எப்போதும் போடும் தட்டு ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டார். ஏதோ வெள்ளைக்காரர் வாத்தியம். அதில் வெண்கலத் தாளத்தைத் தட்டும்போது அந்த ஒலி கடைசியில் மெலிந்து அடங்கும் இடத்தைக் கவனிக்கச் சொன்னார். "தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்தப் பாதி வேகம் என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. டேப்ரிக்கார்டரில் ஒரு குமிழ் இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் நாடா மெதுவாக ஓடும், மறுபக்கம் திருப்பினால் சரியாக இரண்டு மடங்கு வேகம். ஒன்றாம் காலம், இரண்டாம் காலம். இது எங்கள் வீட்டுக் கணக்கு ஆயிற்றே. வேகத்தை இரட்டித்தால் சுருதியும் ஒரு ஸ்தாயி ஏறும் என்பதை அவர் விளையாட்டாக ஓட்டிக் காட்டியபோதே பிடித்துக்கொண்டேன். அப்படியானால் ஒரு ஸ்தாயி இறக்கி, ஒரு காலம் குறைத்துப் பாடி, குமிழைத் திருப்பிவிட்டால் பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கும். வெட்டுவதே நிதானமாக இருந்தால் நல்லது என்றால், பாடுவதும் நிதானமாக இருந்தால் இன்னும் நல்லதுதானே? என் கட்டைக்குரல் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கும். முதல் தடவையாக அதற்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தேன்.

இதைச் சொன்னபோது அவர் தலையாட்டவில்லை. "அந்தக் கணக்கு வெட்டற மிஷினுக்கு. பாடறவங்க எப்பவும் போலத்தான் பாடுவாங்க. டேப்புல வேகத்தக் கம்மி பண்ணா சத்தம் மங்கத்தான் செய்யும்" என்றார்.

"உங்களுக்கு மிஷின் தெரியும், எனக்குக் காலம் தெரியும். போடுங்க" என்றேன். தவில்காரர் மகள் என்கிற திமிர்.

ஒரு மத்தியானம் கடையை மூடிக்கொண்டு வந்து மைக்கை என் முன்னால் வைத்தார். பெண் பார்த்த அன்று பாதியில் நின்ற அதே பாட்டு. ஒவ்வொரு அடியையும் இழுத்து, அடிவயிற்றிலிருந்து, என் குரலின் கடைசிப் படி வரைக்கும் இறங்கிப் பாடினேன். நடுவில் ஓட்டின்மேல் ஒரு காக்கை கத்தியது. அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை.

குமிழைத் திருப்பி ஓட்டினார். நாலைந்து வயதுக் குழந்தை ஒன்று பாடியது. சுருதி அணுவளவு பிசகவில்லை. தாளம் கச்சிதம். காக்கை கத்திய இடத்தில் ஏதோ சிட்டுக்குருவி கீச்சிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு மெல்லிய குரல்! பிறந்ததிலிருந்து இந்தக் குரலுக்குத்தான் ஏங்கியிருக்கிறேன் என்று தோன்றியது.

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சுருதி சரி, தாளம் சரி. ஆனா இது யாரு?" என்றார்.

"நான்தாங்க" என்றேன். நாணமே இல்லாமல் சொன்னேன். அந்தக் குரலை மட்டும்தான் என்னுடையது என்று சொல்ல முடிந்தது.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஒரு அரிசி மண்டிக்காரர் அன்னதானப் பந்தல் போட்டு, எங்கள் கடையில் மைக் செட் சொல்லியிருந்தார். அது பற்றிப் பேச வீட்டுக்கு வந்தபோது டேப் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டார். "ஏம்பா, எந்தக் குழந்தை இது? தெய்வாம்சமா இருக்குதே. பந்தல்ல இதத்தான் போடணும்" என்றார். என் கணவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் சமையலறையிலிருந்து கைஜாடையாக வேண்டாம் என்றேன். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

திருவிழா முழுக்கக் குழாய் ஸ்பீக்கரில் அந்தக் குழந்தை பாடியது. பந்தலுக்கு வந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குழந்தைக்கு நாலு வயது என்றார் ஒருவர். மூன்றுதான் என்று அடுத்தவர் குறைத்தார். ஒரு அம்மாள், தன் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, அந்தக் குழந்தை கையால் திருநீறு பூசிக்கொள்ள வேண்டும், எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்டாள். கையில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். "ஊருக்குப் போயிருக்குதும்மா" என்று சொன்னேன். அவள் என் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனாள்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "ஒரு தடவ நேர் வேகத்துல போட்டுப் பார்க்கட்டுமா? நீ பாடுன மாதிரியே?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். "என்னை ஊர் சிரிக்க வைக்கணுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

தீபத்தன்று சாயங்காலம் மலையில் ஜோதி தெரிந்து, கூட்டம் அரோகரா போட்டு ஓய்ந்து, பந்தலுக்குச் சாப்பிடத் திரும்பிக்கொண்டிருந்தது. மிஷின் பக்கத்தில் நான் இலை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டு தொடங்கியது. குழந்தை இல்லை. குழாய் ஸ்பீக்கர் நான்கிலிருந்தும் நான்.

குமிழை மறந்துபோய்த் திருப்பிவிட்டாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் கை குமிழின் மேலேயே இருந்தது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மறதி இல்லை.

என்ன மாதிரி இருந்தது என்று சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தெரு நடுவில் என் புடவையை யாரோ உருவியது போல இருந்தது. கனமான, மெதுவான குரல், வீதி முழுக்க. அப்போதுதான் இரண்டு இளவட்டங்கள், "டேய், குழந்தைக்கு ஒரே நாள்ல குரல் உடைஞ்சிடுச்சிடா" என்றார்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதே சிரிப்பு. பாயைப் பார்க்க அப்பா மட்டும்தான் அங்கே இல்லை.

முன் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவப் போன சிலர் அப்படியே நின்றதையும் பார்த்தேன். ஒரு பெரியவர் எச்சில் கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். காக்கை கத்தியது, காக்கையாகவே கத்தியது. இதையெல்லாம் பார்த்தேன், கேட்டேன். ஆனால் எனக்குக் காது முழுக்க அந்தச் சிரிப்புதான்.

மண்டிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் சிரிக்கவில்லை. "ஏம்பா, யாரு இது? நெஞ்சுல வந்து உக்காருதே. யார் பாடறது?" என்று கேட்டார்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். நீயே சொல் என்பதுபோல, கையைக்கூட என் பக்கம் நீட்டினார். மண்டிக்காரரும் திரும்பினார்.

"தெரியலிங்க" என்றேன். "எந்த ரேடியோவுலயோ புடிச்சதா இருக்கும்." சொன்ன குரலும் ஸ்பீக்கரில் வந்த குரலும் ஒன்று. மண்டிக்காரருக்குப் புரிந்ததோ என்னவோ, மேலே கேட்கவில்லை.

என் கணவர் பாட்டை முடிய விட்டார். பிறகு நாடாவைச் சுற்றி, குமிழைத் திருப்பி, குழந்தையைப் பாட வைத்தார்.

ஸ்பீக்கர்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும்போது அவர் வயர்களைச் சுருட்டிக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் தேவலை. வீட்டுச் சந்து திரும்பும் இடத்தில், வண்டிக்காரனுக்குக் கேட்காமல் சொன்னார். "பொண்ணு பார்க்க வந்தப்போ நான் கேட்டது இந்தக் குரலத்தான். பாதியில நின்னுபோச்சு. முழுசாக் கேக்கணும்னுதான் கட்டிக்கிட்டேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் என்றால் அன்று சாயங்காலம் பட்டது ஒன்றும் வெட்கமே இல்லை, இதுதான் வெட்கம் என்று எனக்கு அந்தச் சந்து திருப்பத்தில் தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு தீபத்துக்கும் மண்டிக்காரர் பந்தலில் "அந்தக் குழந்தைப் பாட்டு" ஓடியது. கேட்டு வாங்கிப் போட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் வளர்ந்தார்கள், அது வளரவில்லை. என் மகள் பிறந்து, நடந்து, பேசி, பாவாடையோடு பந்தலுக்குள் ஓடும் வயதும் வந்தது. ஒரு வருஷம் யாரோ அவள் தாடையைப் பிடித்து, "நீதான் பாடுன பாப்பாவா?" என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையாட்டினாள். நான் மறுக்கவில்லை.

பாதி வேகத்தில் வெட்டினால் தட்டில் ஒலி நன்றாக இருக்கும் என்று அந்நாளில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் வேறு தட்டுகளும் சேர்ந்தன. ஒரு நாள் நானே அந்தப் பழைய வெளிநாட்டுத் தட்டைத் தனியாகப் போட்டுக் கேட்டேன். அந்த வெண்கலத் தாளம் மெலிந்து அடங்கும் இடம் எனக்கு உண்மையாகவே கேட்டது. அவர் சொன்னது சரிதான். நிதானமாக வெட்டியதில் ஏதோ இருக்கிறது. ஆனால் அதில் பாடியவர்கள், வாசித்தவர்கள் யாரும் தங்களை மாற்றிக்கொள்ளவில்லை. ஊசிதான் நிதானப்பட்டது. நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேன்.

மகள் தலையாட்டிய அந்தத் தீபத்தன்று, ஜோதி தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால், மிஷின் பக்கம் போய் நின்றேன். கூட்டம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அடுத்த நாடாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு தடவ அந்தப் பக்கம் திருப்பிப் போடுங்களேன்" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"யார் பாடறதுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

நான்தான் என்று சொல்லுங்க என வாய் வரை வந்தது. மகள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அவளைக் கொஞ்சியவர்கள் நின்றிருந்தார்கள். நான் இலைகளை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனேன். எனக்குப் பின்னால் குழந்தை பாட ஆரம்பித்தது.