கோடு சரியாகத்தான் இருந்தது

என் மனைவியின் அண்ணன் பைக் மெக்கானிக். பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் கடை இருக்கும் தெருவிலேயே உதட்டைப் பிதுக்குவார்கள். 'கோடு மெக்கானிக்' என்று கேட்டால் நாலு பேர் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள். அவர் முடுக்கிய எந்த நட்டானாலும் அதன்மேல் சிவப்பாக ஒரு சின்னக் கோடு இருக்கும். நட்டில் தொடங்கி, அதை ஒட்டி அசையாமல் இருக்கிற இரும்பில் போய் முடியும். நட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு இரண்டாக விலகி நிற்கும். ஸ்பேனரே வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும்.

கோடு போட அவர் வைத்திருப்பது பெண்கள் நகத்துக்குப் பூசுகிற நெயில் பாலிஷ். மாதம் ஒரு பாட்டில் தீர்ந்துவிடும். வாங்கப் போன இடத்தில் கடைக்காரப் பெண், "எதுக்கு மேட்ச்சா வேணும் சார்?" என்று கேட்டதற்கு, "கிரீஸுக்கு" என்றாராம். இதை எங்களிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். பத்துத் தடவையும் முதலில் சிரித்தது அவர்தான்.

கோடு போடும் பழக்கம் ஒரு தபால்காரரால் வந்தது. கடை திறந்த புதிதில் அந்தத் தபால்காரரின் வண்டியில் மச்சான் பூட்டிய சைலன்சர் நடுரோட்டில் கழன்று விழுந்துவிட்டது. மனுஷன் கத்தவில்லை, சண்டை போடவில்லை. சைலன்சரைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து மேஜைமேல் வைத்து, "உங்களுக்கு ஒரு பார்சல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மச்சான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் தன் மனைவியின் அலமாரியைக் குடைந்து முதல் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷமாக மனிதர் நடுக்கத்தோடு மல்லுக்கு நிற்கிறார். என்ஜின் நடுங்கும், ரோடு அதைவிட நடுக்கும். எந்த இடத்தில் ஸ்பிரிங் வாஷர் தாங்கும், எந்த இடத்தில் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு வேண்டும், எந்த மரையில் ஒரு சொட்டுப் பசை விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நைலான் நட்டை ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடமாட்டார், தூக்கிக் குப்பையில் எறிவார். வீட்டிலும் சும்மா இருக்கமாட்டார். நாற்காலிக் கால், குக்கர் கைப்பிடி, கதவுக் கீல், மின்விசிறி எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. "என் கம்மல் திருகாணி ஒண்ணுதான் பாக்கி, அதுக்கும் ஒரு நாள் போட்டுடுவாரு" என்பார் அவர் மனைவி.

எனக்கு அவர்மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைப்பானேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். நானும் நாளெல்லாம் திருகாணிதான் முடுக்குகிறேன், கொசு அளவுத் திருகாணி. அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. என் மனைவி வாயைத் திறந்தால் அண்ணன் புராணம். கோடு போட ஆரம்பித்த பிறகு அவர் கைப்பட்ட வண்டி கழன்றதே இல்லை என்பாள். அது உண்மைதான் என்பதுதான் எரிச்சல்.

இப்போது நான் வண்டியிலிருந்து விழுந்த கதைக்கு வருகிறேன்.

என் வண்டி பழையது. பின்டயர் தேய்ந்துவிட்டதென்று மச்சான் கடையில் விட்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் மகளுக்கு ஓவியப் போட்டி. பதினொரு வயது அவளுக்கு. அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், புது டயர் போட்ட வண்டியை வாங்கிக்கொண்டு நேராகப் போட்டிக்குக் கிளம்பினோம். நான் அவசரப்படுத்தியதும் மச்சான் "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று ஓடியதும் நினைவிருக்கிறது. அதன் பிறகு குடோன் வளைவில் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறேன், என் முழங்கால் கிழிந்திருக்கிறது, மகள் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நடுவில் இருந்தது எங்கே போனதோ தெரியவில்லை.

எதிரே வந்த லாரி ஓட்டுநர்தான் எங்களைத் தூக்கிவிட்டவர். நல்ல மனுஷன். அவர்தான் கூடியிருந்தவர்களிடம் சொன்னார்: "ஆள் தூங்கி வழிஞ்சுக்கிட்டே வந்தாரு. வண்டி இப்படியும் அப்படியும் அலைஞ்சுது, நான் ஹாரன்கூட அடிச்சேன்." அதற்குள் சேதி கேட்டு மச்சான் ஓடிவந்துவிட்டார். மகளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். பிறகு, அவர் சுபாவம் எங்கே போகும், குனிந்து வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தார். அச்சு நட்டின்மேல் சிவப்புக் கோடு நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. நானும் பார்த்தேன்.

"கோடு சரியா இருக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் வண்டி விடுதலையாகிவிட்டது, நான் மாட்டிக்கொண்டேன். அதற்கு முந்தின இரண்டு நாளும் எனக்கு ஜலதோஷம், மாத்திரை போட்டிருந்தேன். மாத்திரை தூக்கம் வரவழைக்கும் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. என் மனைவி அந்த அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் கத்தவில்லை. மகளின் கையில் மாவுக்கட்டு. ஒன்றரை மாதம் ஆகும் என்றார் டாக்டர்.

முதல் நாள் நான் தூங்கவில்லை என்றேன். இரண்டாம் நாள் தூங்கிய ஞாபகம் இல்லை என்றேன். நாலாம் நாள் யோசிக்க யோசிக்க, இமை கனத்ததும் முகத்தில் வெயில் இதமாகப் பட்டதும் எனக்கு நன்றாகவே நினைவுக்கு வந்தன. "ஆமா, ஒரு நிமிஷம் கண் அசந்துட்டேன் போல" என்று நானே ஒப்புக்கொண்டேன். சொன்ன பிறகு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அன்றைக்கே மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள், இனி மகள் என் பின்னால் உட்காரப் போவதில்லை என்று. பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து ஏற்பாடு ஆனது. என் பிள்ளையை நானே ஏற்றிக்கொண்டு போக எனக்கு யோக்கியதை இல்லாமல் போனது. அவளிடம் யாரும் அந்தக் காலையைப் பற்றிப் பேசக்கூடாது, குழந்தை பயந்துவிடுவாள் என்றும் ஓர் உத்தரவு. நான் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்தார். வண்டி சரியாகி அவர் கடையிலேயே கிடந்தது, நான்தான் எடுத்துவரப் போகவில்லை. அவர் வண்டியைக் கொண்டுவரவும் இல்லை, நடந்தே வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாரே தவிர குடிக்கவில்லை.

"மாப்பிள்ளை, அன்னிக்குக் கோடு சரியா இருக்குன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"கோடு சரியாத்தான் இருந்துச்சு. நட்டுதான் லூசா இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

"அது எப்படிண்ணா? நகர்ந்திருந்தா கோடு விலகியிருக்கணுமே. நீதானே சொல்லுவே?"

"அதுதாம்மா எனக்கும் தெரியல. வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய் நாலு நாள் கழிச்சுத்தான் கை வச்சேன். அச்சு நட்டுல ஸ்பேனர் போட்டேன், பிடிமானமே இல்ல. விரலாலேயே சுத்திச்சு." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரலைச் சுற்றிக் காட்டினார். "நட்டு முழுசா ஒரு சுத்து சுத்தியிருந்தா கோடு மறுபடி கோட்டோட வந்து சேர்ந்துடும், நகராத மாதிரியே தெரியும். அப்படி இருக்கலாம். இல்ல, விழுந்த அடியில உள்ள ஏதாவது வளைஞ்சு பிடி விட்டிருக்கலாம். இல்லன்னா..."

"இல்லன்னா?"

"நான் முடுக்காமலே கோடு போட்டிருக்கணும்."

என் மனைவி சுவரோடு சாய்ந்துகொண்டாள். நான் தொழில்காரன், என் மூளை வேறு பக்கம் ஓடியது. "முழுசா சுத்தியிருந்தா பாலிஷ்ல வெடிப்பு விழுந்திருக்குமே மச்சான். முடுக்காம போட்டதுன்னா வெடிப்பு இருக்காது. என் கடைக்குக் கொண்டுவந்திருந்தா லென்ஸ் வச்சுப் பார்த்துச் சொல்லியிருப்பேனே."

"துடைச்சுட்டேன்."

"எதை?"

"கோட்டை. எந்த வண்டியானாலும் வேலைக்கு முன்னாடி தின்னர் துணியால ஒரு துடை துடைப்பேன்ல? அப்படித்தான் துடைச்சேன். பழக்கம். நட்டு லூசுன்னு பிறகுதான் தெரிஞ்சுது. துணியைத் தேடி எடுத்துப் பார்த்தேன், சிவப்பா இருந்துச்சு. வேணும்னே துடைச்சேனான்னும் யோசிச்சேன். இல்லன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"கோடு போட்டது நல்லா ஞாபகம் இருக்கு மாப்பிள்ளை. பாட்டில்ல பாலிஷ் கெட்டியாகிப் போய் பிரஷ் நூல் நூலா இழுத்துச்சு. ஸ்பேனர் பிடிச்சது ஞாபகம் இல்ல. ஆனா எந்த வண்டிக்குத்தான் ஞாபகம் இருக்கு? நேத்து ஏழு வண்டி பார்த்தேன், ஒண்ணுலகூட ஸ்பேனர் பிடிச்சது ஞாபகம் இல்ல. கை தானாப் பண்ணிடும். அன்னிக்குப் பண்ணுச்சா இல்லையான்னு கையைத்தான் கேக்கணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று வாரம்! மூன்று வாரமாக நான் தலை குனிந்து நடக்கிறேன், இந்த ஆள் கடையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். நன்றாகக் கேட்டுவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. 'என் தப்பு' என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

"சொல்லிடுவேன் மாப்பிள்ளை. ஆனா அது பொய்யா இருந்தா? எனக்கு நிஜமாவே தெரியல."

மனைவி அவரிடம், "அப்போ இவர் தூங்கலையா?" என்று கேட்டாள். "அது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அவர். இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். தூங்கவில்லை என்று மார் தட்டிச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது. ஆனால் அந்த இமைக் கனம், அந்த வெயில் இரண்டும் என் நினைவில் கெட்டியாக உட்கார்ந்திருந்தன.

"அப்பா தூங்கல" என்றாள் மகள்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் அங்கே இருப்பதையே நாங்கள் மறந்துவிட்டோம்.

"உனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் என் மனைவி.

"நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன்? போட்டியில யானை வரையலாம்னு, யானைக்கு மொத்தம் எத்தனை நகம்னு கேட்டேன். முன்னங்கால்ல அஞ்சு அஞ்சு, பின்னங்கால்ல நாலு நாலு, மொத்தம் பதினெட்டுன்னு அப்பா கூட்டிச் சொன்னாரு. சொல்லி முடிக்கவும் விழுந்துட்டோம்."

பதினெட்டு. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் என் குரலே என் காதில் விழுந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு உள்ளே முழுதாகப் போனது போலிருந்தது. அழுகையும் வந்தது, சொல்ல வெட்கமில்லை.

"ஏன் கண்ணு இவ்வளவு நாளா சொல்லல?"

"யாரும் கேக்கலையே. அப்புறம் நீங்களே தூங்கிட்டேன்னு சொன்னீங்க. தூங்கிக்கிட்டே கூட்டியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

மச்சான் போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் கேட்டார். அவருக்கு அது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

"வண்டி எப்போ ஆட ஆரம்பிச்சுது கண்ணு? கடையிலேர்ந்து கிளம்பின உடனேயா, இல்ல விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. "கிளம்பினதிலேர்ந்தே மாமா. பின்பக்கம் ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு மூன்று தடவை ஆட்டினார். பிறகு தன் வலது கையை முழங்கால்மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, அப்படியே சந்தோஷமாகவும் இருந்தது.

"நான் அப்பாகிட்ட சொன்னேனே" என்றாள் மகள், என்னைப் பார்த்து. "வண்டி ஆடுதுப்பா, நிறுத்துங்கன்னு."

"அப்பா என்ன சொன்னாரு?" என்றாள் என் மனைவி.

"மாமா இப்பத்தானே பார்த்துக் குடுத்திருக்காரு, வண்டிக்கு ஒண்ணுமில்ல, நீதான் ஆடறே, ஒழுங்கா உக்காருன்னு திட்டினாரு. அதான் நான் பேச்சை மாத்தி யானையைப் பத்திக் கேட்டேன்."

மச்சான் கையிலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, கேள்விதான் இருந்தது.

"அப்படியா சொன்னீங்க மாப்பிள்ளை?"

பதினெட்டு ஞாபகம் இருந்தது. கால் காலாகக் கூட்டியது ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னால் என் பிள்ளை நிறுத்தச் சொன்னதும் நான் அதட்டியதும், எவ்வளவு முட்டி மோதியும் வரவில்லை. ஆனால் அந்த வார்த்தைகள் அச்சு அசலாக என்னுடையவைதான்.

"தெரியல மச்சான்" என்றேன்.