அழைத்தும் எழாத எண்கள்

வரிசை எண்ணை அழைக்கும் அந்த இரட்டை மணியோசை எங்கே கேட்டாலும் என் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸில் வங்கிக்குப் போனாலும் அப்படித்தான், கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருந்தாலும் அப்படித்தான். வலப்பக்க நாற்காலியில்தான் என் ஆய்வு ஆலோசகர் உட்காருவார். என்னைவிட வயதில் இளைய பெண். அவர் இறந்துபோய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கழுத்துக்கு அது இன்னும் தெரியவில்லை.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள் நான். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை, பிறகு கிள்ளானில் ஒரு தொண்டு அமைப்பில், உதவித்தொகை கேட்டு வருகிறவர்களோடு அரசு அலுவலகத்துக்குத் துணைக்குப் போகும் வேலை. இடையில் பகுதிநேரமாக இழுத்து இழுத்து ஒரு டிப்ளோமா. அதையும் வேலை அனுபவத்தையும் காட்டிப் பொது நிர்வாகத்தில் முதுகலை சேர்ந்தபோது ஐம்பதை நெருங்கிவிட்டேன். சேர்ந்த நாளிலிருந்து ஒரே பயம்: யாராவது கதவைத் திறந்து, “தப்பு நடந்துபோச்சு, நீங்க கெளம்பலாம்” என்று சொல்லிவிடுவார்கள்.

முதல் சந்திப்பு ஆலோசகரின் அறையில். அடையாள அட்டையின் நகல்களை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் இருந்தேன்.

“அக்கா, இதெல்லாம் எதுக்கு?”

“கேட்டீங்கன்னா குடுக்கலாம்னுதான், டாக்டர்.”

“நான் இமிக்ரேஷன் இல்ல லா!” சிரித்து முடித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். “சரி, நீங்க பயப்படாத இடம் எது? அங்க போய்ப் பேசுவோம்.”

எனக்குத் தெரிந்து அப்படி ஒரே இடம்தான் இருந்தது. கிள்ளானில் நான் ஆட்களோடு போய் உட்காரும் அந்த உதவித்தொகை அலுவலகத்தின் காத்திருப்புக் கூடம்.

அதிலிருந்து எங்கள் ஆலோசனையெல்லாம் அங்கேதான். வந்ததும் இயந்திரத்தில் ஒரு எண் சீட்டு எடுப்பார். அந்த எண்ணை அழைக்கும்வரை பேச்சு. “அதுக்குள்ள சொல்லி முடிக்கலன்னா, விஷயம் உங்களுக்கே இன்னும் புரியலன்னு அர்த்தம்.” அழைத்ததும், வரிசையில் பின்னால் இன்னும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டிய வயதானவர் யாருக்காவது சீட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் குடை, உபரிப் பேனா, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு பின்னால் ஓடுவேன். “மழகூட உங்ககிட்ட பெர்மிஷன் கேட்டுட்டுத்தான் வரும்போல” என்பார்.

ஒருநாள் யாருடைய எண்ணோ மூன்று முறை அழைக்கப்பட்டது. யாரும் எழவில்லை. திரை அடுத்த எண்ணுக்குப் போய்விட்டது.

“எங்க போனாங்க அவங்க?” என்றார்.

“வீட்டுக்குப் போயிருப்பாங்க, டாக்டர்.”

“இவ்வளவு நேரம் காத்திருந்துட்டு, ஏன்?”

“தெரியலயே.”

“அதான் உங்க ஆய்வு.”

“எழுந்து போனவங்கள நான் எங்க போய்த் தேடுறது?”

“நீங்களும் ஒரு தடவ நடுவுல எழுந்து போனவங்கதானே, அக்கா.”

பள்ளியைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் மணி அடித்து எங்கள் எண் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு வாட்சப் குழுவில் செய்தி வந்தது. டாக்டருக்கு மூளையில் இரத்தக் கசிவாம், போய்விட்டாராம். செவ்வாய்க்கிழமை நாங்கள் சந்திப்பதாக இருந்தோம். புத்தி பேதலித்ததுபோல் செவ்வாய்க்கிழமை நான் போனேன். எண் எடுத்தேன். வலப்பக்க நாற்காலியில் கைப்பையை வைத்தேன். பிறகு வாராவாரம் அதையே செய்தேன். வீட்டில், ஆய்வுக்குத் தகவல் சேர்ப்பதாகச் சொல்லிவைத்திருந்தேன்.

புதிய ஆலோசகர் நல்ல மனிதர். கணினித் திரையில் பொறுமையாகத்தான் பேசினார்: “மேடம், எழுந்து போனவங்களப் பத்தி டேட்டாவே கிடையாது. சிஸ்டத்துல ‘வரவில்லை’ன்னு மட்டும்தான் விழும். காத்திருந்து வேலைய முடிச்சவங்களோட திருப்தியப் பத்திச் செய்யுங்க. சீக்கிரம் முடிஞ்சிரும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.”

தலைப்பை மாற்ற மனமில்லை. மாற்றாமல் செய்யத் துணிவில்லை. மூன்றாவதாக ஒரு வழி இருந்தது, எனக்கு நன்றாகப் பழகிய வழி: படிப்பை விட்டுவிடலாம். வியாழக்கிழமை அந்தக் கூடத்துக்குப் போனபோது, ஏறக்குறைய அந்த முடிவோடுதான் போனேன். அன்றைக்குச் சரியான கூட்டம்.

“இங்க ஆள் இருக்காம்மா?” எனக்கு முன்பே எண் எடுத்துவிட்டு வெளியே போய்த் திரும்பிய பெரியவர் ஒருவர், கைப்பை இருந்த நாற்காலியைக் காட்டிக் கேட்டார்.

“இருக்காங்க, அங்கிள்.”

யோசிக்காமல் வந்த பதில். அவர் தலையாட்டிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். நான் வழக்கம்போல வலப்பக்கத்தோடு மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். விட்டுடவா, டாக்டர்? மணி அடித்தது. ஒரு எண்ணை முதல்முறை அழைத்தார்கள். இரண்டாம் முறை. மூன்றாம் முறையும் யாரும் எழவில்லை. திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் காலியாக இருந்தது.

செத்துப்போனவருக்கு இடம் பிடித்து வைத்து, உயிரோடு இருக்கிறவரை நான் துரத்தியிருக்கிறேன்.

குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன். பஸ் நிறுத்தத்துத் திட்டில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், உங்க நம்பர் கூப்பிட்டாங்க.”

“கேட்டுச்சும்மா.”

“அப்புறம் ஏன் வந்துட்டீங்க?”

“நிக்க முடியல. போர்ட்டுல மூட்ட தூக்குன காலு. பண்டமாரான்லேருந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன்.”

“கவுண்டர்ல சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா பாவம் பாப்பாங்க. பாவம் பாக்கச் சொல்லவா வந்தேன்? உதவித்தொகைக்கு சைன் பண்ண வந்தேன்.”

என் சீட்டை நீட்டினேன். “இது இப்பத்தான் வரப்போகுது. வாங்க.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்தேன். உட்காரத் தயங்கினார்.

“இங்க இருந்தவங்க வந்துட்டா?”

“வரமாட்டாங்க, அங்கிள்.”

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

சீட்டின் எண்ணை அழைத்ததும் அவர் எழுந்து கவுண்டருக்குப் போனார். வேலையை முடித்துவிட்டு வந்தவரைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய், இதற்கு முன் எத்தனையோ தடவை எழுந்து போன கதையையெல்லாம் கேட்டேன். அலுவலகத்தைத் திட்டிக்கொண்டேதான் சொன்னார். தலைப்பை மாற்றவில்லை, எழுந்து போனவர்களை பஸ் நிறுத்தத்தில் பார்க்கலாம் என்று வெள்ளிக்கிழமை காலையிலேயே புதிய ஆலோசகருக்கு எழுதினேன். அனுப்பிவிட்டு, எழுதியது சரியா என்று திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

இப்போது என் இடம் வெளியேதான், பஸ் நிறுத்தத்துத் திட்டில். மணியோசை அங்கேயும் இலேசாகக் கேட்கும். ஒரு எண்ணை மூன்றாம் முறை அழைக்கும்போது வாசலைப் பார்ப்பேன். யாராவது வெளியே வருவார்கள். யாரும் வராத நாளும் உண்டு. அன்றைக்கு அழைக்கப்பட்டது யாருடைய எண் என்று நான் யோசிப்பதில்லை. கழுத்து மட்டும் வலப்பக்கம் திரும்பும்.