அரைப்பேரில் கிடந்த செல்வமலர்

போன ஞாயிற்றுக்கிழமை என் கணினி இனி இடமில்லை என்று கையை விரித்துவிட்டது. எனக்கு எதையும் அழிக்க மனம் வராது. கிழிந்த புடவையைக்கூட, இருக்கட்டும், துடைக்க ஆகும் என்று மடித்து வைக்கிறவள் நான். கணினி முன்னால் உட்கார்ந்தவுடன் மட்டும் வேறு ஆளாகிவிடுவேனா? கடைசியில் மகள் தர்ஷிதான் துப்புரவு வேலைக்கு உட்கார்ந்தாள்.

"அம்மா, 'புதுசு'ன்னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள 'புதுசு ரெண்டு'. அதுக்குள்ள போனா 'பழசு'. என்னாம்மா இது?"

"அதுலதான் ஒங்க மாமா கல்யாணப் படம் இருக்கு. தொடாத."

அவள் விட்ட பெருமூச்சு அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது, "இது என்னா, இங்கிலீசு எழுத்துல 'அரைப்பேர்'னு? பேரக்கூட முழுசா வைக்கலியா? அழிச்சிறவா?" என்றாள்.

கையிலிருந்த கேத்தலை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். நல்லவேளை, அவள் இன்னும் அழுத்தவில்லை. இதே கேள்வியைக் கேட்காமலேயே அழுத்திவிட்ட ஒரு மனிதர் என் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிறார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் தலவாக்கலை பஸாரில் இருந்த எங்கள் கடையிலிருந்து தொடங்க வேண்டும். இருபது வருடத்துக்கு முந்திய கதை. கடிதம் தட்டச்சு, போட்டோப் பிரதி, வெளிநாட்டுத் தொலைபேசி எல்லாம் ஒரே அறைக்குள். கதவைத் திறந்தால் நனைந்த குடையும், சூடான பிரதித் தாளும், பக்கத்துக் கடை வடையுமாக ஒரு வாசம் வரும். இன்றைக்கும் வடை பொரிகிற இடத்தில் எனக்குத் தட்டச்சு செய்ய வேண்டும்போல விரல் துறுதுறுக்கும். கடைக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த பள்ளிக்கூட ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிற மாதிரியே எல்லோருக்கும் அவர் 'சேர்'. அவர் பள்ளிக்கூடம் போனால் கடை என் பொறுப்பு. இருந்ததோ ஒரே ஒரு கணினி. நான் அதற்கு ராணி மாதிரி.

ராணிக்கு ஒரு தலையிடி இருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் லெச்சுமி, மீதிப் பேர் பெருமாள். அதிலும் ஒரு லெச்சுமியின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி இருக்கும். அதைத் திருத்தத்தான் கடிதமே. இந்தக் கூட்டத்தில் எந்தக் கடிதம் முடிந்தது, எது முடியவில்லை என்று கண்டுபிடிக்க நானே ஒரு வழி செய்தேன். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்பார்கள். சொன்ன அளவுக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். எங்கள் அம்மா சில நாள் கூடையை இறக்கும்போதே முகத்தில் அது தெரியும். அந்த வார்த்தையைத்தான் கணினிக்குள் கொண்டுபோனேன். முடியாத கடிதங்களுக்கு 'அரைப்பேர்' என்று ஒரு கோப்புறை. அச்செடுத்துக் கையெழுத்தும் விழுந்துவிட்டால் 'முழுப்பேர்' கோப்புறைக்கு மாற்றிவிடுவேன். இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று எனக்கு ஒரு கெப்பர்.

சேருக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம் செல்வமலர் மூன்று நாளாக வந்துகொண்டிருந்தாள். எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்த பிள்ளைதான். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவுக்கு உதவியாக இருந்தாள். முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, விண்ணப்பம் வாங்கிவிட்டாள். அதோடு தன்னைப் பற்றி ஒரு பக்கம் சொந்த வார்த்தையில் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். வயதெல்லை காரணமாக அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. ஒரு நாளைக்கு நாலு வரி சொல்வாள், வெட்கம் வந்து நிறுத்திவிடுவாள், பஸ் ஏறிப் போய்விடுவாள். நான் 'செல்வா' என்று சுருக்கிப் பெயர் வைத்து, அரைப்பேரில் போட்டு வைப்பேன்.

வியாழக்கிழமை முடிவுத் திகதி. தபால் பையை மூன்று மணிக்குக் கட்டிவிடுவார்கள். மழையில் பஸ் தாமதித்து நான் கடைக்குப் போய்ச் சேர பதினொன்றாகிவிட்டது. பள்ளி விடுமுறை என்பதால் சேர் எனக்கு முன்பே கணினியில் உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"பிள்ளை, பாரும், மெசின் இப்ப எப்பிடிப் பறக்குதெண்டு. அரைப்பேர் எண்டு ஒரு கோப்புறை, முழுக்கக் குப்பை. ஒரு கோப்புக்கும் பேர் ஒழுங்கா முடியேல்லை. லெச்சு எண்டு ஒண்டு, பெரு எண்டு ஒண்டு. எல்லாத்தையும் அழிச்சுப் போட்டன்."

நான் குனிந்து திரையைப் பார்த்தேன். "குப்பைத்தொட்டியில கெடக்குமே சேர்?"

"அதையும் கொட்டிப்போட்டன். ஒரு வேலையை அரைகுறையாச் செய்யிறது எனக்குப் பிடிக்காது."

நான் அரைப்பேருக்கு அர்த்தம் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "அப்ப, அரைப்பேர் எண்டா பேரில பாதி இல்லையோ?" என்று மெல்லக் கேட்டார். பிளாப்பியில் ஒரு பிரதி எடுத்து வைத்த ஞாபகம் வந்து பிஸ்கட் டின்னைத் திறந்தேன். எங்கள் ஊர் ஈரத்துக்குப் பாண் மட்டுமா பூஞ்சணம் பிடிக்கும், பிளாப்பியும் பிடிக்கும். போட்டதும் கணினி கரகரவென்று இருமிவிட்டுத் துப்பிவிட்டது.

அந்த நேரம் பார்த்து செல்வமலர் நனைந்துகொண்டு வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னதும், ஆட்கள் காத்திருக்கும் நீள வாங்கில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு ஒன்னுமே ஞாபகம் வரலக்கா. என்னா சொன்னேன்னே தெரியல." எனக்கும் அழுகை வந்தது. என் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு பிள்ளையின் வழி அடைபடப் போகிறதே என்று என்மேலேயே ஆத்திரம்.

அப்போதுதான் வாங்கின் மறு முனையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏன் புள்ள அழுவுற? 'நான் எட்டாம் நம்பர் லயத்தில் பிறந்தேன்'னுதானே ஆரம்பிச்ச?"

பார்வதியக்கா. காலில் புண்ணுக்குக் கட்டு மாற்ற தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து, பஸ் வரும்வரை எங்கள் வாங்கில் இருப்பார். பக்கத்தில் ஆட்டோ முத்தையா அண்ணன், மழைக்கு ஒதுங்கியவர். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடையில் ரகசியம் என்பதே கிடையாது. தட்டச்சு செய்ததை நான் உரக்க வாசித்துக் காட்டுவேன், வாங்கே கேட்கும், கருத்தும் சொல்லும். மூன்று நாளாக செல்வமலரின் வாழ்க்கை வரலாறு அந்த வாங்குக்குப் பாடமாகியிருந்தது.

"சொல்லுங்கக்கா, அடிக்கிறேன்" என்று உட்கார்ந்தேன்.

"எனக்குப் பாடத் தெரியும்னு அடுத்தாப்புல" என்றார் முத்தையா அண்ணன்.

"அட, பாடத் தெரியாதுன்னுல்ல சொல்லிச்சி! தாளம் போடத் தெரியும், புள்ளைங்க பாடும்னு சொல்லிச்சி."

"ஆமா ஆமா, தாளம். அதுக்கப்புறம் அந்த இருவத்திரண்டு."

செல்வமலர் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். 'பிள்ளைக்காம்பராவில் இருபத்திரண்டு பிள்ளைகள். யாரையும் நான் பாப்பா, தம்பி என்று கூப்பிடுவதில்லை. இருபத்திரண்டு பேரையும் முழுப்பெயர் சொல்லியே கூப்பிடுவேன்.' அந்த வரி வந்ததும் அவளுக்கே உசார் வந்து, அடுத்த நாலு வரியை மடமடவென்று சொன்னாள்.

மணி இரண்டரை. சேர் குடையைக்கூட எடுக்காமல் தபால் கந்தோருக்கு ஓடினார். அவருக்குத் தெரிந்த சிங்களம் மொத்தம் இரண்டு வார்த்தை, 'டிக்கக் இன்ன', கொஞ்சம் பொறுங்கள். தபால் மாத்தயாவிடம், அதுதான் தபால் அதிபரிடம், போய் அதையே ஆறு ஏழு தரம் சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, பொறுக்கச் சொன்னவரையே ஒரு கதிரையில் உட்காரவைத்துவிட்டாராம்.

இங்கே கடைசி வரிக்குத் திண்டாட்டம். யாருக்கும் வரவில்லை. பார்வதியக்கா கண்ணை மூடி, கட்டுப்போட்ட காலை ஆட்டிக்கொண்டே இருந்து, திடீரென்று எடுத்துக் கொடுத்தார். வாங்கு முழுக்கச் சிரிப்பு. முத்தையா அண்ணன் கை தட்டினார். செல்வமலர் கையெழுத்தைப் போட்டுவிட்டு மழையில் ஓட, நாங்கள் மூவரும் வாசலில் நின்று, ஏதோ ஓட்டப்போட்டி மாதிரிக் கத்தினோம். அன்றைக்கு மாதிரி நான் பிறகு ஒரு நாளும் சிரித்ததில்லை.

மறுபடி உண்டாக்கிய அரைப்பேரில் 'செல்வா' என்றே போட்ட கோப்பை, அந்தப் பரபரப்பில் முழுப்பேருக்கு மாற்ற மறந்தேபோனேன். கடையை மூடும்போது சேர் எல்லாவற்றையும் ஒரு இறுவட்டில் போட்டுத் தந்தார். அன்றிலிருந்து கணினி மாறும்போதெல்லாம் அரைப்பேரும் என்னோடு மாறி வருகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு தர்ஷி 'செல்வா'வைத் திறந்தாள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அந்தக் காலத்து எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா, நான் அடிக்கிறேன்."

சொன்னேன். எட்டாம் நம்பர் லயம், தாளம், இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாம் வந்தது. கடைசி வரி மட்டும் வரவில்லை. செல்வமலருக்கே போன் எடுத்தேன். இப்போது பூண்டுலோயாப் பக்கம் ஒரு முன்பள்ளிக்கு அவள்தான் பொறுப்பு. பின்னால் பிள்ளைகளின் இரைச்சலுக்குக் குறைவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் ஒத்திகையாம். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ, எனக்கெங்கக்கா ஞாபகம்? அதப் பார்வதியக்காகிட்டத்தான் கேக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. பார்வதியக்கா போய் நாலு வருடமாகிறது. கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். உட்கார ஒரு வாங்கு இல்லை, யாரும் எதையும் உரக்க வாசிப்பதுமில்லை.

"எதுலம்மா சேவ் பண்றது?" என்றாள் தர்ஷி.

கடைசி வரிக்கு இடம் விட்டு, அரைப்பேரிலேயே போடச் சொன்னேன்.