பார்த்ததாகப் போட்ட பாடம்

ஆசிரியர்கள் பாடம் எழுதித் தர வேண்டும், கல்வி இலாகா அதைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றும். இதுதான் திட்டம். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியான எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்து டவுனான தானா ராத்தாவில் முதல் கூட்டம், கறிபாப் பலகாரம், கைதட்டல்.

"எங்க தோட்டத்துல சிக்னலே இல்லையே சார். பிள்ளைங்க எப்படிப் பார்ப்பாங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல பாடம் வரட்டும் டீச்சர். டவர் பின்னால வரும்லா," என்றார் இலாகா அதிகாரி. கிணறு வெட்டும் முன்னே வாளி வாங்கின கதைதான். நானும் நம்பித் தொலைத்தேன்.

என் பாடம் நாலாம் ஆண்டு அறிவியல், தாவரங்கள். என் மாணவி ஒருத்தியின் அம்மா கொழுந்து பறிப்பவர். அவரையே நடிக்கக் கூப்பிட்டேன். ரப்பர் பூட்ஸும் முதுகில் கூடையுமாக வந்து, "ரெண்டு இலை, ஒரு கொழுந்து, இதுக்கு மேல கிள்ளக் கூடாது," என்று கேமராவைப் பார்த்து அழகாகச் சொன்னார். கிளம்பும்போது, "எம்மக பாப்பாளா டீச்சர்?" என்று மூன்று முறை கேட்டார். பார்ப்பாள் என்றேன்.

பாடம் ஏறியது. தோட்டத்தில் ஒருவராலும் பார்க்க முடியவில்லை. இறக்கி வைத்துக்கொள்ளவும் வழி இல்லை. ஆனால் எத்தனை பிள்ளைகள் பார்த்தார்கள் என்று மட்டும் மேலிடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பள்ளிக்கு நேரே பூஜ்யம். "மானம் போவுது, ஏதாச்சும் பண்ணுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியர். அறிக்கையில் பூஜ்யத்தைப் பொறுக்காத சாதி நாங்கள். ஒரு சனிக்கிழமை மூன்று ஆசிரியர்கள் சிக்னல் கிடைக்கும் தானா ராத்தா சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் கடவுச்சொல்லை ஒவ்வொன்றாகப் போட்டு, எல்லாப் பாடத்தையும் மும்மூன்று முறை ஓடவிட்டோம். படித்தது எங்கள் கட்டைவிரல்தான்.

அடுத்து வந்தது இலாகாவின் கடிதம். உங்கள் மாணவர்கள் சிறப்பாகப் பார்த்து வருகிறார்கள், ஆகவே உங்களுக்கென இருந்த டவர், தேவையுள்ள வேறு இடத்துக்குப் போகிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதிகாரிக்குப் போன் போட்டு, சிக்னலே இல்லாத எங்களுக்கு டவர் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"எல்லாரும் பார்த்திருக்காங்களே டீச்சர். சிக்னல் இல்லாம எப்படிப் பார்த்தாங்க?"

நான் கேட்ட கேள்வியையே என்னிடம் கேட்கிறார்! அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பூஜ்யம் வேண்டாம் என்று எங்களை விரட்டியதே அந்த அலுவலகம்தான். வாயைத் திறந்தால் பொய்க் கணக்குக் காட்டியது நாங்கள் என்றாகும். போனை வைத்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, பாதி அவர் மேல், பாதி என் மேல்.

பெருமை பொங்கிய தலைமையாசிரியர், யார் எத்தனை தடவை பார்த்தார்கள் என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மறுநாள் காலை பாடத்தில் நடித்த அந்த அம்மா பள்ளி வாசலில் நின்றார்.

"எம்மக மூணு தடவை பாத்தான்னு போட்டிருக்கு. கேட்டா பாக்கவே இல்லைங்கறா. பூட்ஸும் கூடையுமா நிக்கிற அம்மாவப் பாத்தேன்னு சொல்ல வெக்கப்படறான்னு நெனச்சு, அடிச்சுட்டேன் டீச்சர்."

அவள் பொய் சொல்லவில்லை, பார்த்ததாகப் போட்டது நாங்கள்தான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"அப்ப நான் அடிச்சது?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே நடந்ததை எல்லாம் என் பெயர் போட்டு இலாகாவுக்கு எழுதினேன். அந்த அம்மாவின் கேள்வியையும் அப்படியே எழுதினேன்.