நம்மூர் வண்டி நின்றால்

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. நாமக்கல் பக்கத்தில், லாரி ஓட்டும் என் நண்பரின் வீட்டில்.

சேலத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் வேலை. பலகை விளையாட்டுகள் உருவாக்குவது என் கிறுக்கு. அப்போது கையில் இருந்தது ஒரு லாரி ஆட்டம். ஆளுக்கொரு பொம்மை லாரி. வடக்கே சரக்கு இறக்கிவிட்டு முதலில் ஊர் திரும்புகிறவர் ஜெயித்தவர். சில கட்டங்களில் சீட்டு எடுக்க வேண்டும். டோல்கேட் நெரிசல், டயர் வெடிப்பு என்று ஏதாவது வரும்.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு முதலில் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் ஆடும்போது நாம் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என்னைப் போன்ற ஓட்டைவாய்க்கு இது பெரிய தண்டனை.

நண்பரும் இன்னொரு டிரைவரும் உட்கார்ந்தார்கள். வருவதாகச் சொன்ன மூன்றாவது ஆளைக் காணோம். "நீ வா அம்மிணி" என்று நண்பர் தன் தங்கையைக் கூப்பிட்டார். எனக்குத் திக்கென்றது. எனக்கும் அவள் தங்கை மாதிரிதான். அவள் கணவரும் டிரைவர். முந்தின வருடம் வடக்கே மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். என் சீட்டுக்கட்டில் இப்படி ஒன்று இருந்தது: 'மலைப்பாதையில் விபத்து. ஆட்டத்திலிருந்து விலகவும்.'

அதை உருவிவிடலாம் என்று கை நீட்டுவதற்குள் நண்பர் கட்டைக் கலைத்து வைத்துவிட்டார். அவள் முன்னால் தேடி எடுத்தால் இன்னும் மோசம். வேறு யாருக்காவது போகட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்குத்தான் வந்தது. சத்தமாக வாசித்தாள். வண்டியைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்து நண்பர். தங்கையின் வண்டியைத் தாண்டினால் ஊர்தான், வெற்றிதான். பகடையில் ஆறு விழுந்தது. ஆறு கட்டமும் போயாக வேண்டும் என்பது என் விதி. அவரோ தங்கையின் வண்டி வரைக்கும் நகர்த்தி, அங்கேயே நிறுத்திவிட்டார். பின்னால் வந்த டிரைவரும் அதே கட்டத்தில் நிறுத்தினார்.

"நம்மூரு நம்பர் வண்டி நிக்குது. எப்படீங்க தாண்டிப் போறது?" என்று என்னைப் பார்த்தார் அந்த டிரைவர். எந்த மாநிலத்தில் ஓடினாலும் அவர்களுக்குள் அதுதான் வழக்கம். வழியில் நம்மூர் வண்டி நின்றிருந்தால், இறங்கி விசாரிக்காமல் போக மாட்டார்கள்.

அவள் அழுதுவிட்டாள்.

"அன்னைக்கும் பின்னால வந்தவங்க இப்படித்தானுங்கண்ணா நிறுத்தினாங்க. உசுரு போற வரைக்கும் அவரு கையப் புடிச்சுட்டே இருந்தாங்களாமா. ஊட்டுக்குக் கொண்டாந்து சேத்ததும் அவங்கதான்."

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். அந்தச் சீட்டை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாங்கண்ணா, இருக்கட்டும். வண்டிய மட்டும் ஆட்டத்த உட்டு எடுக்கச் சொல்லாதீங்க."

தன் வண்டியை அண்ணன் வண்டிக்குப் பின்னால் ஒட்டி வைத்தாள். "கட்டி இழுத்துட்டுப் போங்கண்ணா, ஊட்டுக்கு."

மூன்று வண்டிகளும் சேர்ந்தே ஊர் வந்தன. யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை. அவள் சொன்னதுதான் இப்போது விதி: விபத்தான வண்டியைப் பின்னால் வருகிறவர் கட்டி இழுத்து ஊர் சேர்க்கலாம்.

விளையாட்டு உருவாக்கப் பழகுகிறவர்கள் யோசனை கேட்டால், ஆடுகிறவர்கள் விதியை மீறும்போது திருத்தாதீர்கள், ஏன் மீறுகிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன். அன்றைக்கு மட்டும் நான் வழக்கம்போல் குறுக்கே புகுந்து, "ஆறு கட்டம் போகணும்" என்று சொல்லியிருந்தால் அவள் வண்டி அந்த மலைப்பாதையிலேயே நின்றிருக்கும்.