நான் போட்ட தடைக்குள் நானே சிக்கினேன்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வேலை நேரத்தில் எல்லோரும் கிரிக்கெட் பார்க்கிறார்கள் என்று மேனேஜர் புலம்பினார். தேவையான இணையதளங்களை மட்டும் விட்டு மற்றவற்றைத் தடுக்கும் மென்பொருளை அன்று காலையே கம்ப்யூட்டர்களில் ஏற்றி, ‘எல்லோருக்கும்’ என்று அழுத்திவிட்டேன்.

சற்று நேரத்தில் ஏற்றுமதிப் பிரிவு ஸ்டெல்லா அக்கா வந்தார். “தம்பி, துறைமுக சைட்டு தொறக்கல. எறா ஏத்துன கன்டெய்னரு ஹார்பர் கேட்டாண்ட நின்னுகினு கீது. பர்மிட் போடலன்னா கப்பல் பூடும்.”

அந்தத் தளத்தை அனுமதிக்க மறந்திருந்தேன். சேர்க்கப் போனால், தடையை மாற்றும் பக்கமும் இணையத்தில்தான் இருந்தது. அதையும் என் தடையே மறித்தது. செல்போனிலும் திறக்கவில்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில் மட்டுமே திறக்க வேண்டும் என்று வைத்ததும் நானே.

“இன்னா நைனா, நீ போட்ட பூட்டு உனுக்கே தொறக்கலியா?” என்றார் அக்கா. முகத்தில் சிரிப்பில்லை.

அப்போதுதான் லாரிகளை எடைபோடும் எடைமேடையின் கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. “லாரிங்க வரிசையா கீது, அப்பால வா” என்று, அங்கே எடை போடும் காசிம் பாய் காலையில் மென்பொருள் ஏற்றப் போன என்னைத் துரத்தியிருந்தார். அதில் மட்டும் தடை ஏறவில்லை. ஓடிப்போய் அதிலிருந்து தடையை எடுத்தேன். பர்மிட் போட்டு, கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போன தகவல் வரும்வரை அக்கா என்னை நகரவிடவில்லை.

இப்போதெல்லாம் எந்தத் தடையையும் முதலில் என் கம்ப்யூட்டரில் மட்டும் போடுகிறேன். ஸ்டெல்லா அக்காவை அங்கே உட்காரவைத்து, அவர் தினமும் திறக்கும் தளங்களையெல்லாம் திறந்து பார்க்கச் சொல்கிறேன். அவர் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு.

– ஆர். நவீன், காலடிப்பேட்டை