கால் முன்னால் போகும் இருக்கை

அண்ணன் அனுப்பிய டிக்கெட்டில் எல்லாம் இருந்தது, எங்கே உட்காருவது என்பதைத் தவிர. அதை அம்மாவிடம் கேட்டு நீயே முடிவு செய் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டான். இலண்டனில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பேசினான். கல்லீரலில் புற்றுநோய். டாக்டர்கள் மாதக் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு வந்திருந்தார்கள். அவனால் இனி ஊருக்கு வர முடியாது. அம்மா அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அம்மாதான் போக வேண்டும். துணைக்கு நான்.

"மாடி வச்ச பிளேன். மேல் மாடியில எடு, சத்தம் இருக்காது. அம்மா காலம் பூரா மலையில நின்னே வேலை செஞ்சவங்க. படுத்துக்கிட்டு வரட்டும்" என்றான். வேலை விஷயமாகப் பத்து வருடம் பறந்து பறந்து சேர்த்த புள்ளிகளையெல்லாம் கொடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் பிசினஸ் கிளாஸ் எடுத்திருந்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. சாகக் கிடப்பவன் சொகுசைப் பற்றிப் பேசுகிறானே என்று போனை வைத்த பிறகு சத்தம் போட்டு அழுதேன்.

நான் மலைநாட்டில் தெமோதரைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா பென்ஷன் வாங்கியும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தை விட்டு வரமாட்டேன் என்று தோட்டத்து உச்சியிலிருந்த மேற்பிரிவிலேயே இருந்தாள். அந்தச் சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனேன். டிக்கெட் ஏஜென்சி ஒரு விதைக் கடைக்கு மேலே இருந்தது. அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. விமானத்தின் மேல் மாடியை வரைந்த தாள் ஒன்றை மேசையில் விரித்தார்.

"இதில புதினமான விஷயம் ஒண்டு இருக்கு, டீச்சர். இரண்டு சீட் சோடியா வரும். யன்னல் பக்கத்துச் சீட் பின்பக்கம் பாத்தபடி இருக்கும். நடைபாதைப் பக்கத்துச் சீட் முன்பக்கம் பாத்தபடி. இரண்டு பேரும் ஆளை ஆள் பாத்துக்கொண்டு போகலாம். இரண்டும் கட்டில் மாதிரி நீளும்."

அம்மா அதுவரை ஜன்னல் வழியே சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பித் தாளின் மேல் குனிந்தாள்.

"தம்பி, வண்டி எந்தப் பக்கமா போகும்?"

அவர் பேனாவால் காட்டினார்.

"அப்ப இந்த நடைபாதைச் சீட்டுல படுத்தா காலு முன்னால போகுமா?"

"ஓம் அம்மா. கால் முன்னுக்கு, தலை பின்னுக்கு. யன்னல் சீட்டில தலை முன்னுக்கு."

எனக்கு முகம் சுட்டது. அம்மா எதைக் கேட்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எங்கள் மேற்பிரிவுக்கு ரோடு கிடையாது. நடக்க முடியாத நோயாளியைக் கம்பளியில் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு, நாலு பேர் தோளில் சுமந்துதான் கீழே இறக்குவார்கள். அதற்கு ஒரு சட்டம் உண்டு. உயிருள்ள ஆளைத் தலை முன்னால் போகும்படி தூக்க வேண்டும். எவ்வளவு செங்குத்தான இறக்கமானாலும், தலைக்கு இரத்தம் ஏறினாலும் அப்படித்தான். கால் முன்னால் போவது பிணம் மட்டும்.

"அம்மாவுக்கு ஜன்னல் சீட்டையே போடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "வடக்குப் பக்கம் தலை வைக்கமாட்டன் எண்டு சண்டை பிடிச்ச ஆக்கள் வந்திருக்கினம். காலைப் பற்றிக் கேட்டது நீங்கள்தான் முதல் ஆள்."

நானும் அசட்டுச் சிரிப்பொன்று சிரித்துவைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்தத் தாளைத் தரமுடியுமா என்று கேட்டு வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு அது எதற்கு என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும்.

விசா வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அம்மா நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கவேயில்லை. மகனைப் பார்க்கப் போகிறவள் பலகாரம் சுடுவாள், ஊறுகாய் போடுவாள் என்று பார்த்தால், வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தினமும் கழுவினாள். கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். இரண்டு நல்ல சேலைகளை எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாள். "ஒரு மாசத்துல திரும்பி வரப் போறோம், இது என்ன கூத்து?" என்று கத்தினேன். "குளுரு ஊருல நூல் சேலை எதுக்குடி?" என்றாள். அவள் பதிலில் ஒரு குறையும் காண முடியவில்லை.

புறப்பட்ட காலையில், காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போகும் வழியில் நின்று, வேலைக்குப் போன பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டாள். "போயிட்டு வரேன்" என்று ஒருத்தியிடமும் சொல்லவில்லை. "போறேன்" என்றாள். எங்களில் யாரும் அப்படிச் சொல்லமாட்டோம்.

முதல் விமானம் கொழும்பிலிருந்து நாலு மணி நேரம். நடுவில் ஓர் ஊரில் இறங்கி, மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த மாடி விமானத்தில் ஏறினோம். உள்ளேயே படிக்கட்டு. மேலே ஏறியதும் கூரை தாழ்ந்து, ஒரு நீண்ட லயக் காம்பரா அறை போல் இருந்தது. பத்துப் பதினைந்து இருக்கைகள்தான். எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள்.

நான் அம்மாவை ஜன்னல் இருக்கையில் உட்காரவைத்துப் பெல்ட்டைப் போட்டுவிட்டேன். என் இருக்கையில் உட்கார்ந்ததும் அவள் முகம் என் முகத்துக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நடுவில் ஒரு விசிறி போன்ற தட்டி, வேண்டுமானால் இழுத்து மறைத்துக்கொள்ளலாம். விமானம் மேலே ஏறியது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா முன்னால் சரிந்து, பெல்ட்டில் தொங்கினாள். கண்களை மட்டும் என் கால்கள் மேல் வைத்திருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும், "இடம் மாத்திக்கலாம் புள்ள" என்றாள். "எனக்கு அடிக்கடி ஒண்ணுக்குப் போக எந்திரிக்கணும். ஒங்காலைத் தாண்டித் தாண்டிப் போக முடியாது."

"அந்தச் சீட்டு வேணாம்னுதானே ஒங்களுக்கு இதை எடுத்தேன்?"

"நானா வேணாம்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்லவே இல்லை. சொன்னது நான். சரி, மூத்திர அவசரத்துக்கு முன்னால் சாத்திரம் என்ன செய்யும் என்று நினைத்து மாறிக்கொண்டேன். விஞ்ஞான டீச்சரல்லவா, பிடிவாதம் பிடிக்க வெட்கமாகவும் இருந்தது.

பணிப்பெண் வந்து அம்மாவின் இருக்கையைப் படுக்கையாக்கினாள். பிறகு ஜன்னல்களின் மறைப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு போனாள். வெளியே உச்சி வெயில், உள்ளே கண்ணைக் கட்டிய இருட்டு. அந்தப் பட்டப்பகல் இருட்டில் எல்லோரும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நீட்டி நிமிர்ந்து படுத்தார்கள்.

அம்மா படுக்குமுன் என் கையைப் பிடித்தாள். அவள் கை பனிக்கட்டியாக இருந்தது.

"எறங்குற வரைக்கும் என்னைக் கூப்பிடாத. எது நடந்தாலும் கூப்பிடாத. அண்ணன் மேல சத்தியம் பண்ணு."

"தூங்குறதுக்கு எதுக்கும்மா சத்தியம்?"

"பண்ணு."

பண்ணினேன். அவள் தட்டியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். தூக்கம் பிடிக்கவில்லை. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மேற்பிரிவில் ஒரு பையனுக்குக் கடும் காய்ச்சல். தூக்கிப்போக ஆட்கள் வந்து நின்றார்கள். அவனைப் பெற்றவள், எல்லோருக்கும் முன்னால், அந்தக் கம்பளியில் தான் ஏறிக் கால் முன்னால் நீட்டிப் படுத்துக்கொண்டாள். என்னைத் தூக்குங்கள், கோவில் வரை தூக்குங்கள், யாரும் கூப்பிடாதீர்கள் என்றாள். அழுதுகொண்டே தூக்கினார்கள். அதன் பிறகுதான் பையனை இறக்கினார்கள். பையன் பிழைத்தான். அவள் அந்த மாதமே போய்ச் சேர்ந்தாள். உயிரோடு இருக்கிறவர் தானாகக் கால் முன்னால் போனால், போக வேண்டியவருக்குப் பதிலாக எமதூதர்கள் அவரை எடுத்துக்கொள்வார்களாம். போகிற வழியில் உறவு சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் எடுக்கமாட்டார்களாம். அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவாள்.

மெல்லத் தட்டியை இறக்கினேன். அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கைகளும் மார்பின் மேல். நெற்றி நிறையத் திருநீறு, எப்போது பூசினாள் என்று தெரியவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். விமானமே அதிர்ந்துகொண்டிருந்ததால் எது மூச்சு, எது அதிர்வு என்று பிரிக்க முடியவில்லை.

எழுந்து அவள் கால்மாட்டுக்குப் போனேன். காலைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும், தொடுவது கூப்பிடுவதில் சேராது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். போர்வை நுனியைத் தூக்கினேன்.

இரண்டு கால் பெருவிரல்களும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. வெள்ளைத் துணிக் கிழிசல். செத்தவர்களுக்குக் கட்டுகிற அதே கட்டு. தன் காலுக்குத் தானே கட்டியிருக்கிறாள். தொட்டேன், கால் ஜில்லென்று இருந்தது.

சத்தியம், அண்ணன், இலண்டன், ஒன்றும் என் நினைவில் இல்லை. "அம்மா!" என்று அலறினேன். மாடி முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. போர்வைகள் அசைந்து தலைகள் எழுந்தன. பணிப்பெண் ஓடி வந்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அம்மா, அம்மா, எந்திரிங்கம்மா."

அம்மா கண்ணைத் திறந்தாள். தூக்கத்திலிருந்து விழித்த கண் இல்லை அது. எங்கேயோ வெகுதூரம் போய்விட்டு, பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டவள் போல் என்னைப் பார்த்தாள்.

"கூப்பிட்டுட்டியா?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. எழுந்து உட்கார்ந்து, குனிந்து, கட்டை அவளே அவிழ்த்தாள். துணியைச் சுருட்டி, இறங்கும் வரை கைக்குள்ளேயே வைத்திருந்தாள். நான் அவள் மடியில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தேன். அவள் கை என் தலைமேல் வரவில்லை.

அண்ணி விமான நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அண்ணன் உயிரோடு இருந்தான். பாதியாக இளைத்து, மஞ்சளாக, ஆனால் அம்மாவைப் பார்த்ததும் முகம் விரிந்தது.

"வசதியா படுத்துக்கிட்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்டான்.

"ஆமாய்யா. நல்லாத் தூங்கினேன்யா" என்றாள் அம்மா. அவன் எலும்புக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன்.

ஆறாம் நாள் அண்ணன் போய்விட்டான். அம்மா அவன் பக்கத்திலேயே இருந்தாள்.

அதன் பிறகு அம்மா பல வருடம் இருந்தாள், என்னோடு, என் குவாட்டர்ஸில். அந்தப் பயணத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. மழை நாள், பாடசாலை விடுமுறை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே சொன்னாள்.

"நீ கூப்பிடாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்."

புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

"ஆமாம்மா" என்றேன். "இருந்திருப்பான்."

அவள் புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தாள் போல. நான் கேட்கவில்லை. கேட்டால் பொய்யாகிவிடும். திரும்ப அந்த மாடியில் அந்தக் கால்மாட்டில் கொண்டுபோய் நிறுத்தி, அண்ணனா அம்மாவா என்று இப்போது என்னைக் கேட்டாலும், நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன்.